செப்புத் தகட்டில் எழுந்த தேவாலயங்கள்

எத்தியென் துப்பெராக் என்ற பிரெஞ்சுக்காரர் 1569ஆம் ஆண்டை ஒட்டி ரோமில் செதுக்கிய ஒரு வெட்டுத்தோற்றப் படம் சில மாதங்களாக என் மேசையில் விரித்தபடி கிடக்கிறது. புனித பேதுரு பெருங்கோவிலை நடுவே பிளந்து அதன் உட்புறத்தைக் காட்டும் படம் அது. அருங்காட்சியகம் ஒன்று இணையத்தில் வைத்திருக்கும் உயர்தெளிவுப் பிரதியைப் பெரிய தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டேன். முதல் சில வாரங்கள் அதை நிற்கிற ஒரு கட்டடத்தின் உருவப்படம் என்றே எண்ணிப் பார்த்தேன். பிறகு ஒரு மாலையில் கவராயத்தை எடுத்துக் குவிமாடத்தின் வெளிவளைவை அளந்தபோது, அது ஏறக்குறைய அரைவட்டமாக இருந்தது. இன்று ரோமில் நிற்கும் குவிமாடம் அரைவட்டம் அன்று. அது மேல்நோக்கி இழுக்கப்பட்டதுபோல் உயர்ந்து செல்வது. அப்படியானால் இத்தனை நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தது உலகில் எங்கும் கட்டப்படாத ஒரு குவிமாடம்.

அந்த மாலைக்குப் பிறகு மறுமலர்ச்சிக் காலத்துச் சமயக் கட்டடங்களைக் காட்டும் செப்புத் தகட்டு அச்சோவியங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து வருகிறேன். அவற்றுள் என்னை மிகவும் ஈர்த்தவை பெரும்பாலும் கட்டப்படாதவற்றின், பாதியில் கைவிடப்பட்டவற்றின், அல்லது பின்னர் வேறு உருவம் பெற்றவற்றின் படங்களாகவே இருக்கின்றன. கல்லில் தோற்றுப்போன ஒரு வடிவம் தாளில் நூற்றுக்கணக்கான பிரதிகளாக ஐரோப்பா முழுவதும் பரவி, இன்றுவரை நம் கண்முன் நிற்கிறது என்பதுதான் என்னால் எளிதில் கடந்துபோக முடியாத செய்தி.

இந்த அச்சோவியங்கள் எப்படி உருவாகின என்பதை அறியாமல் அவற்றைப் பார்ப்பதில் பாதிப் பயன்தான் உண்டு. செம்பை அடித்துத் தட்டையாக்கிக் கண்ணாடிபோல் மெருகேற்றுவார்கள். செதுக்குபவர் கையில் இருப்பது ப்யூரின் எனப்படும் சிற்றுளி. அது நுனி சாய்வாக வெட்டப்பட்ட எஃகுக் கம்பி. அதன் மரக் கைப்பிடி உள்ளங்கையில் பொருந்தி அமரும். பேனாவைப்போல் அதை இழுப்பதில்லை. உள்ளங்கையால் முன்னோக்கித் தள்ள வேண்டும். வளைகோடு வேண்டுமானால் உளியைத் திருப்பாமல், தோல் மெத்தைமேல் வைத்திருக்கும் தகட்டையே மெல்லச் சுழற்றுவார்கள். கோட்டின் இருபுறமும் எழும் செம்புப் பிசிறைச் சுரண்டி எடுத்தபின், மையைத் தகடு முழுவதும் தேய்த்து, மேற்பரப்பை மட்டும் துடைத்து, பள்ளங்களில் தங்கிய மையோடு ஈரத்தாளை வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுப்பார்கள். தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை ஏந்திக்கொண்டு வருவதால் அச்சான கோடு தாளின்மேல் நூலிழைபோல் சற்றே எழும்பி நிற்கும். தகட்டின் விளிம்பும் தாளில் ஒரு பள்ளச் சட்டமாகப் பதிந்திருக்கும். தகட்டில் மெழுகுப் பூச்சு இட்டு, அதை ஊசியால் கீறி, அமிலத்தால் அரிக்கவிடும் எட்சிங் முறையும் அப்போதே பரவியிருந்தது; துப்பெராக் போன்றவர்கள் இரண்டையும் கலந்தே கையாண்டார்கள்.

கட்டடத்தை வரைவதற்கு இந்த முறை ஏன் இவ்வளவு பொருந்தியது என்பதற்கு இரண்டு காரணங்களை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மரச்செதுக்கு அச்சில் கோடு தடித்தே விழும். செபாஸ்தியானோ செர்லியோ 1540இல் வெனிஸில் வெளியிட்ட கட்டடக்கலை நூலில், புனித பேதுரு கோவிலுக்காகப் பிரமான்டே என்ற கட்டடக்கலைஞர் திட்டமிட்ட குவிமாடம் மரச்செதுக்காகத்தான் வந்தது. அது தெளிவாக இருக்கிறது, ஆனால் ஒரு தூண் தலைப்பின் இலைமடிப்பை அதில் தேட முடியாது. செம்பிலோ முடியளவு மெல்லிய கோடுகளை நெருக்கியும் விலக்கியும் குறுக்காகப் போட்டும், வளைகூரையின் ஆழத்தில் இருள் எப்படிப் படிப்படியாகச் செறிகிறது என்பதைக் காட்டிவிடலாம். மற்றொரு காரணம் நேர்கோடு. வண்ணத்தின் துணை இல்லாமல், கோடு ஒன்றையே நம்பி நிற்கும் கலை இது. கட்டடக்கலைஞனின் வரைபடமும் அப்படித்தான். ஆயினும் ஒரு சிக்கல் எப்போதும் உண்டு: தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும். சமச்சீரான முகப்புக்கு அது பொருட்டன்று. ஆனால் ஒரு புறத்திலிருந்து பார்க்கும் உட்காட்சியையும், அடியில் வரும் எழுத்துகளையும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி எண்ணித்தான் செதுக்கியாக வேண்டும்.

மிலான் நகரில் 1481 அக்டோபர் 24 அன்று ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. மத்தேயோ டே ஃபெடேலி என்ற ஓவியருக்காக, உர்பினோவைச் சேர்ந்த பிரமான்டே தாளில் வரைந்து கொடுத்த படத்தின்படி, கட்டடங்களும் உருவங்களும் அடங்கிய ஒரு தகட்டைச் செதுக்கித் தர பெர்னார்டோ பிரெவெடாரி என்பவர் ஒப்புக்கொண்டார். அதிலிருந்து பிறந்த அச்சோவியம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உயரமும் 51 சென்டிமீட்டர் அகலமும் உடையது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஒரே தகட்டிலிருந்து எடுக்கப்பட்ட அச்சுகளில் இதுவே மிகப் பெரியது என்கிறார்கள். இன்று இரண்டே பிரதிகள் எஞ்சியிருக்கின்றன. ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் மற்றது மிலானிலும் இருக்கின்றன.

அந்தப் படத்தை என்னவென்று அழைப்பது என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை. தேவாலயம் என்பவர்களும் உண்டு, பழைய ரோமானியக் கோவில் என்பவர்களும் உண்டு. பருத்த சதுரத் தூண்கள், மார்பளவு உருவங்கள் பொறித்த வட்டப் பதக்கங்கள், வட்டமான பலகணிகள், குழிச்சதுரங்கள் நிறைந்த வளைகூரை என எல்லாம் பண்டைய ரோமின் மொழியைப் பேசுகின்றன. ஆனால் கூரை உடைந்திருக்கிறது. உடைந்த விளிம்பில் செடிகள் முளைத்திருக்கின்றன. நடுவில் ஓங்கி நிற்கும் விளக்குத்தண்டின் உச்சியில் சிலுவை இருக்கிறது. அதன் முன்னால் ஒருவர் நமக்கு முதுகு காட்டி மண்டியிட்டிருக்கிறார். சுற்றிலும் நிற்கும் மனிதர்கள் தத்தம் காரியத்தில் இருக்கிறார்கள். மிலானில் பிரமான்டே இதைச் செய்தார் என்ற லத்தீன் வரி அந்த விளக்குத்தண்டின் பீடத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. உளி பிடித்த பிரெவெடாரியின் பெயர் படத்தில் எங்கும் இல்லை. ஒப்பந்தத் தாள் தப்பிப் பிழைத்திராவிட்டால் அவர் யாரென்றே நமக்குத் தெரிந்திராது என்பது ஒவ்வொரு முறை அந்தப் படத்தைப் பார்க்கும்போதும் என் மனத்தை உறுத்துகிறது.

இந்த அச்சு வெளிவந்த காலத்தை ஒட்டித்தான் மிலானின் சான் சாத்திரோ தேவாலயத்தில் பிரமான்டே ஒரு விந்தையைச் செய்தார். பலிபீடத்துக்குப் பின்னால் தெரு இருந்ததால் கட்டடத்தை அந்தத் திசையில் நீட்ட இடமில்லை. ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில், சுதையாலும் வண்ணத்தாலும், பல மீட்டர் நீளும் வளைகூரை மண்டபம் ஒன்று அங்கே இருப்பதுபோன்ற தோற்றத்தை அவர் உண்டாக்கினார். நுழைவாயிலில் நின்று பார்ப்பவருக்கு அது முழுமையான மண்டபம். பக்கவாட்டில் நகர்ந்தால் சுவர். ஒரே மனிதர் அதே ஆண்டுகளில் தாளின்மேலும் சுவரின்மேலும் இல்லாத இடத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தார் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். அவர்தான் பின்னர் இரண்டாம் ஜூலியஸ் என்ற திருத்தந்தைக்காகப் புதிய புனித பேதுரு கோவிலைத் திட்டமிட்டார்; 1506 ஏப்ரல் 18 அன்று அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1514இல் பிரமான்டே இறந்தபோது, குவிமாடத்தைத் தாங்கவேண்டிய நான்கு பெருந்தூண்களும் அவற்றை இணைக்கும் வளைவுகளும் எழுந்திருந்தன. 1530களில் ரோமில் தங்கியிருந்த மார்ட்டன் வான் ஹீம்ஸ்கெர்க் என்ற நெதர்லாந்து ஓவியர் அந்த இடத்தை வரைந்து வைத்திருக்கிறார். கூரையில்லாத வளைவுகள், பாதி இடிக்கப்பட்ட பழைய பசிலிக்கா எனும் பெருங்கோவில், அவற்றின்மேல் படரும் புல்பூண்டு என்று அந்த வரைபடங்களில் கட்டுமானப்பணி ஓர் இடிபாடாகவே தெரிகிறது. 1481ஆம் ஆண்டு அச்சை அவற்றின் அருகில் வைத்துப் பார்த்தபோது, இளம் பிரமான்டே தம் முடிவுறாத பெரும்பணியை 25 ஆண்டுகளுக்கு முன்பே வரைந்துவிட்டாரோ என்று தோன்றியது. அது வெறும் தற்செயல்தான் என்று அறிவு சொல்கிறது. கண் ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

அடுத்து வருவது, பேதுரு கோவில் பணியைப் பின்னர் ஏற்ற கட்டடக்கலைஞர் அன்டோனியோ டா சங்காலோவின் கதை. இவர் அதே பெயருடைய தம் பெரியவரிடமிருந்து பிரித்தறிய இளையவர் என்று அழைக்கப்படுபவர். 1539 முதல் 1546 வரை இவருடைய திட்டத்துக்கு அன்டோனியோ லபாக்கோ மரத்தில் ஒரு மாதிரியைச் செய்தார். முப்பதில் ஒரு பங்கு அளவில், ஏழு மீட்டருக்கும் மேல் நீளம் உடைய அந்த மாதிரி இன்னும் வத்திக்கானில் இருக்கிறது. அதற்கு நாலாயிரம் ஸ்கூதிக்கு (அக்கால இத்தாலிய நாணயம்) மேல் செலவானது என்று, கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி குறிப்பிட்டிருக்கிறார். சங்காலோ 1546இல் இறந்தார். பணி மைக்கேலாஞ்சலோவின் கைக்கு வந்தது. அவர் பதினைந்து நாளில் 25 ஸ்கூதி செலவில் தம்முடைய மாதிரியைச் செய்து காட்டினார் என்றும் அதே வசாரி சொல்கிறார்.

ஆனால் 1546 முதல் 1549 வரையான அந்த ஆண்டுகளில்தான் அன்டோனியோ சலமாங்கா என்ற பதிப்பாளர் சங்காலோவின் மாதிரியை முகப்பாகவும் பக்கத்தோற்றமாகவும் வெட்டுத்தோற்றமாகவும் பெரிய அச்சோவியங்களாக வெளியிட்டார். கட்டுமான இடத்தில் சங்காலோவின் வெளிச்சுற்று இடிக்கப்பட்டுக்கொண்டிருக்க, கடையில் அவருடைய கோவில் முழுமையாக விற்றுக்கொண்டிருந்தது. இறந்தவருடைய ஆதரவாளர்கள் அந்தத் திட்டத்தை உயிரோடு வைத்திருக்க விரும்பினார்கள் என்றே நான் ஊகிக்கிறேன்.

மைக்கேலாஞ்சலோ இந்தத் திட்டத்தின்மேல் வைத்த குற்றச்சாட்டுகளை மனத்தில் கொண்டு அந்த வெட்டுத்தோற்றத்தைப் பார்ப்பது சிறந்த பயிற்சி. 1547ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு கடிதத்தில் அவர், பிரமான்டேயின் திட்டம் தெளிவும் எளிமையும் ஒளியும் உடையது என்று புகழ்ந்துவிட்டு, சங்காலோ கட்டிய வெளிச்சுற்று அந்த ஒளியை முழுக்கப் பறிக்கிறது என்கிறார். மேலும் கீழும் இருண்ட மூலைகள் பெருகும், நாடுகடத்தப்பட்டவர்கள் அங்கே ஒளிந்துகொள்வார்கள், கள்ளநாணயம் அடிப்பார்கள், மாலையில் கோவிலை அடைக்கும்போது உள்ளே யாரும் இருக்கிறார்களா என்று தேட 25 பேர் வேண்டும் என்று எழுதுகிறார். இதைப் படித்துவிட்டு அச்சின் ஓரங்களுக்குக் கண்ணைக் கொண்டுபோனால் அந்த மூலைகள் உண்மையாகவே அங்கே இருக்கின்றன. வெளியிலும் அடுக்கடுக்கான சிறு தூண்கள், கூர்முனைகள், கோபுரத்தின்மேல் கோபுரம். ஆயினும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அச்சாக அது பேரழகு. கட்டப்பட்டிருந்தால் சலிப்பூட்டியிருக்கக்கூடிய அந்த மிகுதி, கோடுகளாக மாறும்போது நெய்த துணியைப்போல் கண்ணுக்கு இன்பம் தருகிறது. கட்டடத்துக்கு நல்லதும் தகட்டுக்கு நல்லதும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பதை எனக்குக் காட்டியது இந்தப் படம்தான்.

இவற்றை விற்றவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரான்சின் கிழக்கே, அக்காலத்தில் தனி ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஃபிரான்ஷ் கோம்தே பகுதியிலிருந்து வந்த அன்டோனியோ லஃப்ரேரி 1540களில் ரோமில் தொழில் தொடங்கினார், 1553இல் சலமாங்காவோடு கூட்டுச் சேர்ந்தார், 1577இல் இறந்தார். ரோமின் பழைய, புதிய சிறப்புகளைக் காட்டும் அச்சுகளுக்கு அவர் வெளியிட்ட முகப்புத்தாளில் லத்தீனில் ‘ஸ்பெக்குலும் ரோமானே மக்னிஃபிசென்ட்சியே’, அதாவது ரோமின் மாட்சியைக் காட்டும் கண்ணாடி, என்று இருக்கிறது. அது கட்டி முடித்த புத்தகம் அன்று. வாங்குபவர் தமக்கு வேண்டிய தாள்களைத் தேர்ந்து தாமே கட்டிக்கொள்வார். அதனால் இன்று எஞ்சியிருக்கும் தொகுப்புகளில் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. படத்தின் அடிவரியில் ‘ஃபார்மிஸ்’ என்ற சொல்லுக்கு முன்னால் வரும் பெயர் தகட்டின் உரிமையாளருடையது. லஃப்ரேரிக்குப் பின் தகடுகள் அவருடைய உறவினர்கள் கைக்கும், பின்னர் வேறு பலர் கைக்கும் மாறின. புதிய உரிமையாளர் பழைய பெயரைத் தேய்த்து அழித்துத் தம் பெயரைப் பொறித்துக்கொண்டார். செம்பு மென்மையானது, ஒவ்வோர் அச்சிலும் கோடு கொஞ்சம் தேயும். எனவே ஒரே படத்தின் முதற்பிரதியில் கரிய இருளாக நின்ற வளைகூரை, பிற்காலப் பிரதியில் சாம்பல் நிறமாக வெளுத்துப்போயிருப்பதைக் காணலாம்.

லஃப்ரேரியின் வெளியீடுகளில் எனக்கு மிகப் பிடித்தது 1575ஆம் ஆண்டுப் புனித ஆண்டுக்காக வெளிவந்த ஏழு தேவாலயங்களின் படம். திருப்பயணிகள் வணங்கவேண்டிய ஏழு பசிலிக்காக்களும் உண்மையான தூரத்தைப் பொருட்படுத்தாமல் ஒரே தாளுக்குள் கூட்டப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கிடையே மனிதர்கள் கூட்டம்கூட்டமாக நடக்கிறார்கள். இதில் பேதுரு கோவில் குவிமாடம் இல்லாமல், அதைத் தாங்கவேண்டிய உருளைச் சுவரோடு நிற்கிறது. வாங்கிச் சென்றவர்கள் கண்ணால் கண்ட கோவில் அதுதான். துப்பெராக்கின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் படம் இது. அவர் வரைந்த முழுமையான கோவிலும் இந்த மொட்டையான கோவிலும் ஒரே நகரத்தில் அருகருகே விற்றிருக்க வேண்டும்.

ரோமுக்கு வெளியே இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். ஹீம்ஸ்கெர்க் வரைந்து பிலிப்ஸ் காலே செதுக்கி 1572இல் வெளிவந்த உலக அதிசயங்களின் வரிசையில் எபேசு நகரத்து ஆர்ட்டெமிஸ் கோவில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணோடு மண்ணாகிவிட்ட அந்தக் கோவிலுக்கு அவர் ஓர் இத்தாலியத் தேவாலயத்தின் முகப்பைக் கொடுத்துவிட்டார். இதற்கு நேர்மாறானது ஸ்பெயினின் எஸ்கோரியல் மடாலயம். 1563இல் தொடங்கி 1584இல் முடிந்த அந்தக் கட்டடத்தின் கலைஞர் ஹுவான் டெ ஹெரேரா, ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்த பெட்ரோ பெரேட்டைக்கொண்டு தரைப்படங்களையும் வெட்டுத்தோற்றங்களையும் செதுக்கச் செய்து, எழுத்துக்குறிகளை விளக்கும் சிறுநூலோடு 1589இல் வெளியிட்டார். கட்டடம் முடிந்திருந்தது, கட்டியவர் உயிரோடிருந்தார், மன்னரின் உரிமையும் கிடைத்தது. துல்லியத்தில் அதற்கு இணையான தொகுப்பு அந்த நூற்றாண்டில் இல்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் நான் அதனிடம் அடிக்கடி திரும்பிப் போவதில்லை. அதில் தீர்க்கவேண்டிய வழக்கு ஏதும் மிச்சமில்லை.

துப்பெராக்கிடம் இருக்கிறது. மைக்கேலாஞ்சலோ 1564 பிப்ரவரியில் இறந்தபோது உருளைச் சுவர் பெரும்பகுதி எழுந்திருந்தது; குவிமாடம் தொடங்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துத் துப்பெராக் அவருடைய திட்டத்தைத் தரைப்படமாகவும் பக்கத்தோற்றமாகவும் வெட்டுத்தோற்றமாகவும் செதுக்கினார். ஆண்டு பொறித்திருப்பது தரைப்படத்தில் மட்டும்தான். ஐந்தாம் சிக்ஸ்துஸ் திருத்தந்தையாக இருந்தபோது, 1588 முதல் 1590 வரை 22 மாதங்களில், ஜாகோமோ டெல்லா போர்ட்டாவும் டொமெனிக்கோ ஃபொன்டானாவும் குவிமாடத்தைக் கட்டினார்கள். அது துப்பெராக் காட்டியதைவிட உயர்ந்து எழுந்தது. அதற்கு நல்ல காரணம் உண்டு: வளைவு எவ்வளவு செங்குத்தாக எழுகிறதோ அவ்வளவுக்கு அது தன் அடியை வெளிப்புறமாகத் தள்ளும் விசை குறைகிறது. கேள்வி என்னவென்றால், மைக்கேலாஞ்சலோவே கடைசியில் எதை விரும்பினார்?

சாட்சிகள் மூவர். லீல் நகரிலும் ஹார்லெமிலும் இருக்கும் அவருடைய கைவரைபடங்களில் வளைவு நிலைகொள்ளாமல் இருக்கிறது. உயர்ந்தும் தாழ்ந்தும் அவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். 1558 முதல் 1561 வரை அவர் மேற்பார்வையில் செய்யப்பட்ட பெரிய மரமாதிரி இருக்கிறது. ஆனால் அதன் வெளி ஓடு பின்னாளில் கட்டடத்துக்கு ஏற்ப மாற்றப்பட்டுவிட்டது. எஞ்சுவது துப்பெராக்கின் அச்சு. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. வின்சென்சோ லுக்கீனோ 1564இல் வெளியிட்ட ஓர் அச்சில் கோவிலின் மேலடுக்குச் சுவர் அலங்காரம் இல்லாமல் வெறுமையாக இருக்கிறது; துப்பெராக்கிடம் அதே அடுக்கு இன்று நாம் காணும் அலங்காரத்தோடு இருக்கிறது. ஆக, அவர் மைக்கேலாஞ்சலோவின் இறப்புக்குப் பிறகு வந்த மாற்றங்களையும் உள்ளே சேர்த்திருக்கக்கூடும். தரைப்படத்தில் அவர் காட்டும் தூண்கள் வரிசைப்பட்ட முன்மண்டபமும் கட்டப்படவில்லை; 1607க்குப் பின் மதெர்னோ என்ற கட்டடக்கலைஞர் கட்டிய நீண்ட கூடமும் முகப்பும்தான் இன்று அங்கே நிற்கின்றன.

இவ்வளவு தயக்கங்களுக்குப் பிறகும் நான் அரைவட்டத்தின் பக்கம்தான் சாய்கிறேன். கீழே இரட்டைத் தூண்கள் மேல்நோக்கி இழுக்கும் இழுப்புக்கு மேலே ஒரு தாழ்ந்த, கனமான வளைவு ஓய்வு தருவதை வெட்டுத்தோற்றத்தில் பார்க்கும்போது, அந்தச் சமநிலை ஒரு செதுக்குநரின் மனத்தில் தானாகத் தோன்றியிருக்காது என்றே எனக்குப் படுகிறது. டெல்லா போர்ட்டா இந்த அச்சைப் பார்க்காமல் இருந்திருக்கவும் முடியாது. அவர் வேலையைத் தொடங்கியபோது துப்பெராக்கின் தரைப்படம் வெளிவந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. என் தாளில் கவராயத்தின் முள் குத்திய சிறு துளை குவிமாடத்தின் நடு அச்சிலேயே விழுந்திருக்கிறது. அந்த ஒரே புள்ளியிலிருந்து வெளிவளைவு ஏறக்குறைய முழுவதையும் வரைந்துவிட முடிகிறது. கட்டப்பட்ட குவிமாடத்தின் படத்தை அதே அளவில் அச்சிட்டுப் பக்கத்தில் வைத்து முயன்றபோது, நடு அச்சின் இருபுறமும் தனித்தனியாக இரண்டு துளைகள் இடவேண்டியிருந்தது.